மணலில் எழுதிய மாணவர்

புதுவை நகரிலே பள்ளிகள் திறக்கும் முதல் நாட்காலையில் வீதிவழிச் செல்வார்க்கு ஒரு காட்சி தவறாது புலனாகும். புத்தாடை உடுத்து, புதுப்பையைத் தோளிற் சுமந்து, அன்னையின் முன்றானையை இறுகப் பற்றியவாறு சிறு குழந்தைகள் பள்ளி வாயிலில் நின்று கண்ணீர் சொரிவர். உள்ளே புகுந்த பின்னரோ, அவர்கட்கு முற்றும் புதியதோர் உலகம் எதிர்ப்படும். அறியாத முகங்கள்; அறியாத விதிகள்; கரும்பலகையின் மீது பொருள் விளங்காத கோடுகள், சுழிகள். அவற்றை எழுத்தென்று பெரியோர் கூறுவர். குழந்தைக்கோ அவை எறும்பு ஊர்ந்த தடங்களாகவே தோன்றும். ஆனால், ஓராண்டு கழியுமுன் அத்தடங்கள் பேசத் தொடங்குகின்றன! மக்கள் வாழ்வில் நிகழும் மாறுதல்களுள் இதனினும் பெரியது பிறிதொன்று உண்டோ? இம்மாறுதல் நம் ஒவ்வொருவர்க்கும் நிகழ்ந்தது. எனினும், அது நிகழ்ந்த வகையை நாம் அனைவரும் மறந்துவிட்டோம்.

கற்றுவிட்ட ஒருவன் கல்லாமையின் நிலையை மீண்டும் உணர்தல் அரிது. நீந்தக் கற்றவனுக்கு நீரின் அச்சம் மறந்துபோவது போல, படிக்கக் கற்றவனுக்கு எழுத்தறியாமையின் இருள் மறந்துபோகின்றது. அதனாலன்றோ, ஐந்து வயதுச் சிறுவன் ஓர் எழுத்தைக் கோணலாக எழுதினால் நாம் சினக்கின்றோம்! முதல் வகுப்பின் இடர்ப்பாட்டை அறிவு முதிர்ந்த வயதிலே தாமே பட்டு உணர்ந்து, பின்னர்ப் பிள்ளைகட்குப் பள்ளிகள் கண்ட பெரியார் ஒருவர் நம் கடற்கரையிலேயே வாழ்ந்தார். புதுவைக்குத் தெற்கே, காரைக்காலுக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடியே அவர் பணிசெய்த ஊர். அவர்தாம் பர்த்தொலொமேயு சீகன்பால்கு ஐயர். தமிழிற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்தவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அவரை அரிச்சுவடி மாணவராகக் கண்டு, அந்நிலையினின்று அவர் வரலாற்றைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீகன்பால்கு ஐயர் ஜெர்மானிய நாட்டுச் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். இளமையிலேயே அன்னையாரை மரணம் கவர்ந்தது. அவ்வம்மையார் இறுதிப் படுக்கையில் மக்களை அருகழைத்து, அவர்கட்கெனத் தாம் சேர்த்துவைத்த செல்வம் வேதப்புத்தகத்தினுள் இருப்பதாகக் கூறிக் கண்மூடினார் என்பர். சில ஆண்டுகளில் தந்தையாரும் மறைந்தார். தமக்கையின் ஆதரவில் வளர்ந்த அச்சிறுவர்க்கு உடல்நலம் என்றும் வாய்த்ததில்லை. பன்முறை நோயுற்றுக் கல்வியை இடையில் நிறுத்தவும் நேர்ந்தது. தாயற்ற பிள்ளையின் தனிமையை அவர் நூல்களிற் படித்தறிந்தாரல்லர். தம் வீட்டிலேயே அறிந்தார். பிற்காலத்தே அவர் அநாதைச் சிறுவர்பால் காட்டிய பரிவிற்கு இத்துன்பமே வித்தாயிற்று என்று கொள்ளுதல் பொருந்தும்.

கெர்லிட்ஸ், பெர்லின் முதலிய ஊர்களிற் பயின்ற பின்னர் அவர் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். ஆங்கே பேராசிரியராக விளங்கிய பிராங்கே என்பவர், 1695-ஆம் ஆண்டில் ஏழைச் சிறுவர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கி, அதனை அநாதை விடுதியும் பல பள்ளிகளும் கொண்ட பெரியதோர் அறநிலையமாக வளர்த்திருந்தார். கல்விக்குரியவர் செல்வர் மக்கள் மட்டுமே என்று பலரும் எண்ணிய காலம் அது. தெருவிற் கிடந்த பிள்ளைக்கும் எழுத்து உரியது என்னும் கொள்கையை இளைஞராகிய சீகன்பால்கு அங்கே கண்கூடாகக் கண்டார்.

அக்காலத்தே டென்மார்க்கு நாட்டினர் தரங்கம்பாடியிற் கோட்டை கட்டி வாணிபம் நடத்தி வந்தனர். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-ஆம் ஆண்டிற் செய்த உடன்படிக்கையால் அவ்வூர் அவர்கட்குக் கிடைத்தது. அந்நாட்டு மன்னர் நான்காம் பிரடெரிக்கு, அங்குள்ள மக்களுக்குச் சுவிசேஷம் உரைக்கத் தொண்டர்களை அனுப்ப விரும்பினார். அப்பணிக்குச் சீகன்பால்கும் அவர் நண்பர் புளூச்சோவும் தெரிந்தெடுக்கப்பட்டனர். இருவரும் 1705-ஆம் ஆண்டு நவம்பரிற் கோபன்ஹேகனிற் கப்பலேறி, 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையை அடைந்தனர். அவ்வாண்டிற் புதுவை நகரைப் பிரான்சுவா மர்த்தேன் என்னும் பிரெஞ்சுக் கவர்னர் ஆண்டுகொண்டிருந்தார். கரையிறங்கிய தொண்டர்களை வரவேற்பார் ஒருவரும் இலர். டேனியக் கவர்னர் ஹாசியஸ் அவர்களைக் கடுமையாக நடத்தினார். தமிழோ அவர்கட்கு ஓரெழுத்தும் தெரியாது. நாவிருந்தும் ஊமையராய், செவியிருந்தும் செவிடராய் நின்ற அந்நிலை, பள்ளி வாயிலில் நிற்கும் குழந்தையின் நிலையே அன்றோ?

பிறராயின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்திக்கொண்டு அமைந்திருப்பர். ஐயர் அவ்வழியிற் செல்லவில்லை. ஊரிலிருந்த முதிய தமிழாசிரியர் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளியையே தம் இல்லத்தில் நடத்தும்படி ஏற்பாடு செய்தார். ஆசிரியர் தம் மாணாக்கரோடு வந்தார். பிள்ளைகள் தரையில் வரிசையாக அமர்ந்தனர். அவ்வரிசையிலே ஐயரும் அவர் நண்பரும் சென்று அமர்ந்தனர். இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்ற பல்கலைக்கழக மாணவர், ஐந்து வயதுப் பாலகரோடு சரிநிகராய் இருந்து, முன்னே பரப்பிய மணலில் விரலை ஊன்றித் தமிழெழுத்துகளை வரையத் தொடங்கினார். ஊரார் நகைத்திருத்தல் கூடும். ஆயின், அந்த மணலே அவர்க்குத் தமிழின் வாயிலாயிற்று.

திண்ணைப் பள்ளியின் முதலாண்டு எவ்வாறு நடந்தது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்தல் வேண்டும். குழந்தையின் முன்னே மணலைப் பரப்பி, ஆசிரியர் அதன் சுட்டுவிரலைத் தம் கையாற் பற்றி எழுத்தின் வடிவை வரைவிப்பார். வரையும்போதே அவ்வெழுத்தின் ஒலியை உரக்கக் கூறுவிப்பார். விரல் வடிவை உணரும், கண் அதனைக் காணும், வாய் ஒலிக்கும், செவி கேட்கும். நான்கு வாயில்களும் ஒருங்கே திறந்து ஓரெழுத்தை உள்ளே கொணரும். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, ஏனையோர் ஒரே குரலாகத் திருப்பிச் சொல்லுவர். தனித்துச் சொல்ல நாணும் குழந்தையும் அக்குரலினுள் மறைந்து நின்று துணிவு பெறும். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கொடுக்கப்படும்.

மணலுக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. அது பிழையைச் சேமித்து வைப்பதில்லை. கோணலாக எழுதியதை உள்ளங்கையால் ஒருமுறை தடவின், முன்போலத் தூய தரையாகிவிடும். தவறு செய்தமைக்குச் சான்று எஞ்சாது. ஆகவே அச்சமும் எஞ்சாது. மேலும், ஐந்து வயதுக் குழந்தையின் விரல்களிலுள்ள நுண்ணிய தசைகள் எழுதுகோலை நெடும்பொழுது பற்றியிருக்கும் வன்மையை இன்னும் பெற்றிருப்பதில்லை. மணலில் விரலால் எழுதுங்கால் அவ்வருத்தம் இல்லை. எனினும், திண்ணைப் பள்ளியைக் குறையற்றதென்று புகழ்தலும் உண்மையாகாது. ஆங்கே பிரம்படியும் கொடிய தண்டனைகளும் இருந்தன. பெண்மக்களுக்கும் ஏழைச் சாதியினர் பலர்க்கும் அத்திண்ணையில் இடமிருந்ததில்லை.

ஐயர் சிறிது காலத்தில் எழுத்துகளை அறிந்துகொண்டார். எழுதவும் ஒலிக்கவும் வல்லவரானார். ஆனால், அவர் ஓர் இடரைக் கண்டார். ஆசிரியர்க்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. ஆகவே, வாசித்த சொற்களின் பொருள் ஐயர்க்கு விளங்கவில்லை. ஏட்டைக் கையிலேந்தி முழுவதும் ஒலித்துவிட்டு, ஒன்றும் அறியாதவராய் அமர்ந்திருந்தார். இது முதல் வகுப்பின் ஆழமான உண்மை ஒன்றைப் புலப்படுத்துகின்றது. எழுத்தறிதல் வேறு, படித்தல் வேறு. ஒலியோடு பொருளும் கூடியபோதே படிப்புப் பிறக்கின்றது. பின்னர் அழகப்பன் என்பவர் அவர்க்குத் துணையாக வாய்த்தார். அவர் வணிகக் கழகத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். போர்த்துக்கீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகளை அறிந்தவர். அவர் வாயிலாகச் சொற்கள் உயிர் பெற்றன. ஏறத்தாழ எட்டுத் திங்களில் ஐயர் தமிழிற் பேசலானார். தாய்மொழியிற் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு இந்த அழகப்பன் தேவையில்லை; அதன் சொற்களுக்குப் பொருளை அன்னை முன்னரே கொடுத்து அனுப்பியிருக்கின்றாள். அறியாத மொழியில் முதலெழுத்தைக் கற்கும் குழந்தையோ, ஐயர் முதலில் இருந்ததுபோல, ஒலிக்கத் தெரிந்தும் உணரத் தெரியாமல் இருக்கும்.

அதன்பின் அவர் கற்ற முறையும் குழந்தையின் முறையே. நாள்தோறும் காலையிற் கற்ற சொற்களை மீள நினைவுகூர்வார். புலவர் ஒருவரை உடன்வைத்துப் பல நாழிகை தமிழேடுகளைப் படிப்பார். மாலையிற் பிறர் படிக்கச் செவிமடுப்பார். தமக்கு விருப்பமான நூலொன்றைத் தெரிந்து, அறியாத சொல் ஒன்றும் எஞ்சாத வரை அதனையே மீண்டும் மீண்டும் படிப்பிப்பார். ஒரே கதையை நூறுமுறை கேட்டும் சலியாத குழந்தையை நாம் கண்டதில்லையா? பெரியோர்க்குச் சலிப்பாவது பிள்ளைக்கு வேரூன்றுதலாகும்.

1708-ஆம் ஆண்டளவில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட தமிழேடுகளைத் திரட்டி, அவற்றின் விவரப் பட்டியல் ஒன்றையும் வரைந்தார். தமிழர் நாகரிகமற்றவர் என்ற எண்ணத்தோடு வந்த தாம், அவர்தம் நூல்களைப் படித்த பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டதாக அவரே எழுதியுள்ளார். அவ்வாண்டில் அவர் ஜெர்மன் மொழியிற் பெயர்த்த தமிழ் நூல்கள் யாவை? நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்பனவே. இவற்றுட் கொன்றைவேந்தனும் உலகநீதியும் திண்ணைப் பிள்ளைகள் எழுத்தறிந்தவுடன் ஓதிய சிறு நூல்கள். கொன்றைவேந்தனின் அடிகள் நெடுங்கணக்கின் வரிசையிலேயே தொடங்குகின்றமையால், எழுத்தின் முறையும் வாழ்வின் நெறியும் பிள்ளையின் நெஞ்சில் ஒருங்கே பதியும். பெருங்காவியங்களைப் பெயர்க்காது, தம் வகுப்புத் தோழராகிய சிறுவர் ஓதியவற்றைத் தேர்ந்தமை கருதத்தக்கது. அம்மொழிபெயர்ப்புகள் இருநூறாண்டுக்கு மேற் கையெழுத்தாகவே கிடந்து, 1930-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறின.

மணலிற் கற்றவர் பிறர்க்குக் கற்பிக்கவும் விரைந்தார். 1707-ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியிற் பள்ளி தொடங்கினார். அநாதைச் சிறுவர்க்கும் ஏழை மக்களுக்கும் உணவும் உடையும் எழுத்தும் அங்கே கிடைத்தன. 1710-ஆம் ஆண்டளவிற் பெண்மக்கட்கும் பள்ளி அமைத்தார். திண்ணையில் இடம்பெறாத சிறுமியர்க்கு எழுத்தின் வாயில் அவ்வாறு திறந்தது. தமிழே அப்பிள்ளைகட்குக் கற்பித்த மொழி. பின்னர் 1716-ஆம் ஆண்டில், இந்நாட்டவரையே ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பயிற்றும் கலாசாலையொன்றும் உருவாயிற்று.

இவையெல்லாம் இடையூறின்றி நிகழவில்லை. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வழக்கில் அவர் பரிந்து பேசினமையாற் சினமுற்ற கவர்னர், 1708-ஆம் ஆண்டு நவம்பரில் அவரைக் கோட்டையிற் சிறைவைத்தார். நான்கு திங்கள் அவர் சிறையில் வாடினார். அதற்குச் சற்று முன்னரே தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முடித்தார். ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துகள் 1713-ஆம் ஆண்டில் வந்துசேர்ந்தன. அவை பெரியனவாயிருந்து தாளை மிகுதியும் விழுங்கினமையால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். புதிய ஏற்பாடு முழுவதும் 1715-ஆம் ஆண்டில் அச்சிட்டு முடிந்தது. மணலில் விரலால் வரைந்த அதே எழுத்துகள் ஒன்பதே ஆண்டில் ஈயத்தில் வார்க்கப்பட்டுத் தாளிற் பதிந்தன! இடையே 1714-ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்ற ஐயர், ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கென இலத்தீன் மொழியில் எழுதிய இலக்கண நூலை 1716-ஆம் ஆண்டு ஹாலேயில் வெளியிடச் செய்து, மனைவியாரோடு தரங்கம்பாடிக்கு மீண்டார்.

அவர்தம் இறுதி நாட்களிற் பெருந்துயர் ஒன்று வந்துற்றது. பள்ளி, கட்டடம் முதலியவற்றிற்குப் பணம் செலவிடுதல் திருத்தொண்டர்க்கு உரியதன்று என்றும், சுவிசேஷத்தை உரைத்துத் திரிதலே போதும் என்றும் கோபன்ஹேகனிலிருந்து கடுங்கடிதங்கள் வந்தன. பிள்ளைகட்கு எழுத்தறிவித்தல் இறைபணியின் கூறா, அன்றி வீண்செலவா என்பதே வழக்கு. எழுத்தறியாதவன் வேதப்புத்தகத்தைக் கையிற் பெற்றும் பயனென்? ஐயரின் விடை அவர் நடத்திய பள்ளிகளே. ஆயினும் அக்கடிதங்கள் நோயுற்றிருந்த அவர் உள்ளத்தைப் புண்படுத்தின. 1719-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள், முப்பத்தாறே வயதில், அவர் உயிர் நீத்தார். 1718-ஆம் ஆண்டில் அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தினுள்ளே அவருடல் அடக்கம் செய்யப்பெற்றது. அவ்வாலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கின்றது.

அவர்க்குப் பின்னரும் தமிழ்நாட்டு மணல் பிறநாட்டாரை ஈர்த்தது. எழுபதாண்டு கழிந்து, சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தை நடத்திய ஆந்திரு பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பெரியார், தமிழ்ப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதக் கண்டு, அம்முறையைத் தம் அரிச்சுவடி வகுப்பிற் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் இசையவில்லை. எட்டு வயதளவினனாகிய ஜான் பிரிஸ்கின் என்னும் மாணவனிடம் அவ்வகுப்பை ஒப்புவித்தார், முயற்சி பலித்தது. 1797-ஆம் ஆண்டில் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக அம்முறை இங்கிலாந்து முழுதும் பரவிற்று. ஆனால், நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் நடத்தும் இயந்திரமாக அது நாளடைவில் மாறிற்று. வடிவைக் கொண்டுசென்றோர் உயிரை விட்டுச் சென்றனர். 1907-ஆம் ஆண்டு உரோமை நகரிற் குழந்தைகள் இல்லம் கண்ட மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி அறியும்படி செய்தார். அவ்வம்மையார் 1939-ஆம் ஆண்டிற் சென்னை அடையாற்றிற்கு வந்து, இந்நாட்டு ஆசிரியர் பலர்க்குப் பயிற்சியளித்தார். விரல் கண்ணுக்கு வழிகாட்டும் என்னும் உண்மை இவ்வாறு மீண்டும் நம்மிடம் வந்தது. தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பாட்டும் செயலும் முன்னிற்றல் காண்க.

இவ்வரலாற்றை யான் எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் சபையின் ஓய்வுநாட் பள்ளியில் இளஞ்சிறார் வகுப்பு என் பொறுப்பில் உள்ளது. அவ்வகுப்பிற் சிறுவன் ஒருவன், எத்துணை முறை காட்டியும் அகரத்தின் சுழியைத் தலைகீழாகவே எழுதிவந்தான். ஒருநாள் பொறுமையிழந்து கடிந்துரைத்தேன். அன்றுமுதல் அவன் எழுதுகோலைத் தொடவில்லை. வாயும் திறக்கவில்லை. ஐயரின் வரலாற்றைப் படித்த பின்னரே என் குற்றம் எனக்கு விளங்கிற்று. பாறையாயிருந்த புதுவைக் கரையில் அண்மை ஆண்டுகளில் மீண்டும் மணல் சேர்ந்த பகுதி ஒன்று உண்டு. ஒரு மாலை, பெற்றோர் இசைவு பெற்றுச் சிறாரை ஆங்கு அழைத்துச் சென்றேன். அனைவரும் விரலால் எழுதினர். அவன் மட்டும் பார்த்திருந்தான். யான் அவனருகில் அமர்ந்து இடக்கையால் அகரம் எழுத முயன்றேன். அது கோணிற்று, மீண்டும் எழுதினேன், மீண்டும் கோணிற்று. என் விரலே எனக்கு அடங்கவில்லை. அவன் சிரித்தான். பின்னர் என் இடக்கை விரலைத் தன் சிறு கையாற் பற்றி எழுதிக் காட்டத் தொடங்கினான். அவன் வரைந்த சுழி அப்போதும் தலைகீழாகவே இருந்தது. அடுத்த அலை வந்து அதனை அழித்தது. அவன் மீண்டும் எழுதினான். மூன்று வாரம் கழித்துச் சுழி நேராயிற்று.

அன்று யான் கற்றது இதுவே. முதலாண்டுக் குழந்தைக்கு ஆசிரியராவார் பெரும்புலமை உடையவராதல் மட்டும் போதாது. அறியாமை எத்தகையது என்பதை அறிந்தவராதல் வேண்டும். தரையில் இறங்கி அமரும் மனமும், கோணல் எழுத்தை அழித்து மீண்டும் எழுத இடங்கொடுக்கும் பொறுமையும் வேண்டும். சீகன்பால்கு ஐயர் நம் நாட்டிற்கு விட்டுச்சென்ற செல்வங்கள் பல. அச்சு நூல்களும் ஆலயமும் கண்ணுக்குப் புலனாவன. பாலர் வரிசையிலே அவர் அமர்ந்த அந்த இடமோ கண்ணுக்குப் புலனாகாது. ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளக் கருதும் நம் கல்லூரித் தோழர், தோழியர் அனைவரும் அவ்விடத்தை ஒருமுறையேனும் சென்றடையுமாறு ஆண்டவர் அருள்புரிவாராக.